லிம்போமா வந்த நாய்க்கு எந்த வழி? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

நாய்க்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்று ஆய்வக அறிக்கை வந்துவிட்டால் குடும்பத்தின் முன் நிற்பவை நான்கு வழிகள். பல மருந்துகள் சேர்ந்த முழு கீமோதெரபி. டாக்ஸோரூபிசின் என்ற ஒரே மருந்து. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும். புற்றுநோய் மருந்தே இல்லாமல் உபாதையின்றி வைத்திருந்து உரிய நேரத்தில் மருத்துவரின் ஊசியால் விடைகொடுப்பது. எங்கள் வெருலம் வீட்டு ராணிக்கும், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக் கறுப்பனுக்கும் இதே நோய் வந்தது. நாங்கள் முதல் வழியில் போனோம். அக்கா மூன்றாவதைத் தேர்ந்தார். இரண்டு வீட்டிலும் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு: எந்த வழியில் எத்தனை மாதம் கிடைக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த மாதங்கள் நாய்க்கு எப்படிக் கழியும் என்று கேட்க வேண்டும்.

ஒப்பிடத் தொடங்கும் முன்பே நோய் உறுதியாகியிருக்க வேண்டும். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னே, பின்னங்கால் முட்டிக்குப் பின்னே நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தால் பலரும் புற்றுநோய் என்றே பயந்துவிடுகிறார்கள். நாம் இருப்பது உண்ணிகள் பெருகிய குவாசுலு-நேட்டால் மாகாணம். உண்ணி பரப்பும் எர்லிக்கியோசிஸ் நோயிலும் முடிச்சுகள் வீங்கும். அது ஆன்டிபயாட்டிக்கில் குணமாகக்கூடியது. மெல்லிய ஊசியால் முடிச்சிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். லிம்போமாதான் என்று உறுதியானால் அது பி-செல், டி-செல் என்ற இரு வகை வெள்ளையணுக்களில் எதிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பொதுவாக பி-செல் வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். டி-செல் வகை அவ்வளவு கட்டுப்படாது. பாக்ஸர் இன நாய்களில் டி-செல் வகை அதிகம். சாப்பிட்டு ஓடியாடும் நிலையில் நோய் தெரியவந்த நாய்க்கும், ஏற்கெனவே சோர்ந்து படுத்துவிட்ட நாய்க்கும் கிடைக்கும் பலன் ஒன்றாக இராது.

எந்த வழி என்று முடிவு செய்யும்வரை ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்க வேண்டாம் என்பதை நான் யாரிடமும் அழுத்திச் சொல்வேன். பிரெட்னிசோலோன் கொடுத்ததும் வீக்கம் வடியும், நாய் எழுந்து வாலாட்டும், வீடே மூச்சுவிடும். ஆனால் அதை முதலில் தனியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோவுக்குப் போனால், புற்றுச் செல்கள் மற்ற மருந்துகளையும் எதிர்க்கப் பழகிவிடுகின்றன. கிடைக்கும் பலனும் குறையும், அது நிற்கும் காலமும் குறையும். ஊசியால் செல் மாதிரி எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். நாயை மூச்சுவிட முடியாமல் வீக்கம் நெரிக்கிறது என்றால் அது வேறு. அப்போது மருத்துவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

இப்போது மாதக் கணக்கு. ஒன்றுமே செய்யாவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 6 வாரம். பிரெட்னிசோலோன் மட்டும் என்றால் ஒன்று முதல் இரண்டு மாதம். டாக்ஸோரூபிசின் மட்டும் என்றால் சுமார் 6 முதல் 8 மாதம். முழு கீமோ என்றால் பி-செல் வகைக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு, டி-செல் வகைக்கு 6 முதல் 9 மாதம். இவை எல்லாம் நடுத்தர அளவுகள். பாதி நாய்கள் இதைவிடக் குறைவாகவே இருக்கும், பாதி கூடுதலாக இருக்கும். முழு கீமோ பெற்றவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இரண்டு ஆண்டைத் தாண்டுகிறது. முற்றிலும் குணமாவது அரிது. இதை முதல் நாளே மனம் ஏற்றுக்கொண்டால் பிறகு வரும் முடிவுகள் தெளிவாக இருக்கும்.

முழு கீமோவில் வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைட், டாக்ஸோரூபிசின், பிரெட்னிசோலோன் ஆகிய நான்கும் மாறி மாறி வரும். 19 முதல் 25 வாரம் வரை நீளும். சுமார் 16 முறை மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர்களுக்குக் கீமோ என்றால் நம் கண்முன் வருவது மொட்டைத் தலையும் ஓயாத வாந்தியும். நாய்களுக்கு அப்படி இருப்பதில்லை. மருந்தின் அளவு வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது, ஏனென்றால் நோக்கம் குணமாக்குவது அல்ல, நல்ல நாட்களைக் கூட்டுவது. பெரும்பாலான நாய்களுக்கு முடியும் கொட்டாது. பூடில் போன்ற, ஓயாமல் முடி வளரும் இனங்களுக்குத்தான் கொட்டும். ராணிக்கு மீசை முடிகள் மட்டும் உதிர்ந்தன.

சிரமங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்து ஏறிய இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வாந்தியோ பேதியோ வரலாம். அதற்கான மாத்திரையை மருத்துவர் முன்கூட்டியே தந்துவிடுவார். ஒரு வாரம் ஆகும்போது வெள்ளையணுக்கள் குறையும். அந்த நாட்களில் உடல் வெப்பம் 39.5 டிகிரிக்கு மேல் ஏறினால் இரவானாலும் மருத்துவரிடம் ஓட வேண்டும். சைக்ளோபாஸ்பமைட் சில நாய்களுக்குச் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். டாக்ஸோரூபிசின் சேரச் சேர இதயத்தைப் பலவீனமாக்கும். டாபர்மேன், பாக்ஸர் போன்ற இனங்களுக்கு முதலில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். சிவப்பு நிறமான டாக்ஸோரூபிசின் இரத்தக் குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சதையே அழுகும். ஆகவே ஊசி ஏறும் நேரம் முழுக்க நாய் அசையாமல் இருக்க வேண்டும்.

நாயின் சுபாவம் கணக்கில் வருவது இங்கேதான். ராணிக்குக் கார் என்றால் திருவிழா. மருத்துவமனைத் தாதிகளிடம் ஓடிப்போய் உரசிக்கொண்டு நிற்பாள். கறுப்பனோ கார்க் கதவு திறந்தாலே நடுங்குவான். மேசைமேல் ஏற்றினால் சிறுநீர் போய்விடும். அவனை வாரந்தோறும் இழுத்துச் சென்று ஓர் ஆண்டு வாங்கித் தந்தாலும் அந்த ஆண்டில் பாதி அச்சத்திலேயே கழிந்திருக்கும். என் அத்தானுக்குக் கீமோவில்தான் விருப்பம். அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “உங்களுக்கு அவன் வேண்டும், சரி. அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தீர்களா?” அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கறுப்பன் தன் கடைசி வாரங்களைக் கொய்யா மரத்தடியில், தன் கிண்ணத்தோடு, தன் மனிதர்களோடு கழித்தான். அது ராணிக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த அன்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

பிரெட்னிசோலோன் வழியில் வீட்டார் எதிர்பார்க்க வேண்டியவை தீராத பசி, தாகம், அடிக்கடி சிறுநீர், மூச்சிரைப்பு. இரவில் எழுந்து கதவு திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் மூச்சிரைப்பு இன்னும் கூடும். தரை குளிர்ந்த அறையும் மின்விசிறியும் தேவைப்படும். செலவு மிகக் குறைவு. நல்ல நாட்கள் உண்மையிலேயே நல்ல நாட்களாக இருக்கும். நோய் திரும்பும்போது வேகமாகத் திரும்பும் என்பதையும் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

டாக்ஸோரூபிசின் மட்டும் என்ற இடைவழியைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஐந்து முறை வரை. பயணமும் செலவும் முழு கீமோவில் ஒரு பகுதிதான். கிடைக்கும் காலமோ அதில் பாதிக்கு மேல். நாய் கார்ப் பயணத்தை ஓரளவு பொறுக்கும், அதன் இதயம் நன்றாக இருக்கும், ஆனால் வாரந்தோறும் விடுப்பு எடுக்க முடியாத வீடு என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எங்கே செய்வது என்பதும் ஓர் ஒப்பீடுதான். தென்னாப்பிரிக்காவின் ஒரே கால்நடை மருத்துவப் பீடம் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட்டில், 1920 முதல் இருக்கிறது. அங்கே போதனை மருத்துவமனையும் சிறப்பு மருத்துவர்களும் உண்டு. ஆனால் இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். வான் ரீனன் கணவாய் ஏறி நோயுற்ற நாயோடு போய் வருவதை வாரந்தோறும் செய்ய முடியாது. சிறப்பு மருத்துவரிடம் ஒரு முறை ஆலோசனை கேட்டு, அவர் வகுத்த திட்டப்படி வீட்டருகே உள்ள மருத்துவர் மருந்தேற்ற முடியுமா என்று விசாரிப்பது மேல். செலவை எழுத்தில் வாங்குங்கள். இரத்தப் பரிசோதனைகளையும் அவசரச் சேர்க்கையையும் சேர்த்து. நோய் வந்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்த நோய்க்குப் பணம் தராது. முதியவர்களின் ஓய்வூதியத்திலோ பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திலோ கைவைத்துத்தான் கீமோ என்றால் அக்காவின் வழியை வெட்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டுக்குள் இன்னொரு கடமையும் உண்டு. கீமோ ஏறிய பின் இரண்டு மூன்று நாட்களுக்கு நாயின் சிறுநீரிலும் மலத்திலும் மருந்து இருக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கருவுற்ற பெண்கள் அருகே போகவே கூடாது. நம் பல வீடுகளில் முற்றத்தைக் கழுவுவது வேலைக்கு வரும் பெண்மணிதான். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் அந்த வேலையை வீட்டாரே செய்வதுதான் நியாயம்.

மஞ்சளும் வேப்பிலையும் கஞ்சா எண்ணெயும் ஐந்தாவது வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேரும். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். இவை எதுவும் லிம்போமாவைக் கட்டுப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெரியவர்கள் தம் வீட்டில் கஞ்சா பயன்படுத்துவதைக் குற்றமில்லை என்று தீர்ப்பளித்த பிறகு அந்த எண்ணெய் எளிதாகக் கிடைக்கிறது. அதில் உள்ள போதைப்பொருளுக்கு நாயின் உடல் நம்மைவிட எளிதில் நஞ்சேறும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபனும் நாய்க்கு ஆபத்து. ஸ்டீராய்டோடு வலிமாத்திரை சேர்ந்தால் குடல் புண்ணாகும். எதைக் கொடுப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இந்தக் கணக்குகள் லிம்போமாவுக்கு மட்டுமே. ராட்வைலர் போன்ற பெரிய இனங்களுக்கு வரும் எலும்புப் புற்றில் முதல் எதிரி வலி. அங்கே காலை எடுப்பதுதான் வலிக்கு விடை. அதை மட்டும் செய்தால் 4 அல்லது 5 மாதம், கீமோவும் சேர்ந்தால் 10 முதல் 12 மாதம். நம் மாகாணத்தில் சாண வண்டு மூலம் பரவும் ஸ்பைரோசெர்கா புழு உணவுக்குழாயில் கட்டியாகி, சில நாய்களில் புற்றாகவும் மாறுகிறது. விழுங்கியதைக் கக்கும் நாயை அதற்காகவும் பரிசோதிக்க வேண்டும். அந்தப் புழுவைத் தடுக்க மாதாந்தர மருந்து இருக்கிறது.

நான்காவது வழியில் நம் வீடுகளில் எழும் தடை மருத்துவம் சார்ந்தது அல்ல. என் மாமியார் வைரவருக்கு விளக்கேற்றிவிட்டு வந்து கேட்டார்: “அது தானாகப் போகட்டுமே, தம்பி. நாம் ஏன் உயிரை எடுக்கும் பாவத்தைச் சுமக்க வேண்டும்?” அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் லிம்போமாவில் தானாகப் போவது என்பது பெரும்பாலும் தூக்கத்தில் போவது அல்ல. பல நாள் சாப்பாடின்றி, மூச்சுக்குத் திணறிப் போவது. மருத்துவர் செலுத்துவது அளவு கடந்த மயக்கமருந்து. நினைவு முதலில் நிற்கும், மூச்சும் இதயமும் பிறகு நிற்கும். இதை நான் விளக்கிச் சொன்னபோது மாமியார் மறுக்கவில்லை. ராணிக்கு விடைகொடுத்த அன்று என்னோடு வந்து அமர்ந்திருந்தார்.

எப்போது என்பதற்கு ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த அளவுகோல் எங்களுக்கு உதவியது. வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வீட்டில் ஒருவர் மட்டும் போடாமல் இருவர் தனித்தனியே போட்டுப் பாருங்கள். நாயோடு இரவில் விழித்திருப்பவரின் மதிப்பெண்ணுக்கே நான் மதிப்புத் தருவேன்.

நோய் திரும்பும் நாளில் இந்த ஒப்பீடு மறுபடி தொடங்கும். லோமஸ்டின் போன்ற மீட்பு மருந்துகள் இருக்கின்றன. பலன் கிடைக்கும் வாய்ப்பு முதல் முறையைவிடக் குறைவு, நிற்கும் காலமும் சில மாதங்களே, கல்லீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராணிக்கு நாங்கள் அதைத் தொடங்கவில்லை. கார்ச் சாவி சத்தம் கேட்டும் அவள் எழாமல் இருந்தபோதே எங்கள் விடை கிடைத்துவிட்டது. விடைகொடுக்க வீட்டுக்கே வரும் மருத்துவர்கள் டர்பனில் இருக்கிறார்கள். வசதியில்லாதவர்கள் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவை அணுகலாம். வார இறுதிக்குத் தள்ளாமல், உங்கள் நாயை அறிந்த மருத்துவர் பணியில் இருக்கும் நாளாகப் பார்த்து முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். தோட்டத்தில் புதைப்பதாக இருந்தால் குழி ஆழமாக இருக்கட்டும், விடைகொடுக்கச் செலுத்திய மருந்து உடலில் நெடுநாள் தங்கும். தோண்டித் தின்னும் பிற விலங்குகளுக்கு அது நஞ்சு.