ஸ்போர்ட் டயரா, டூரிங் டயரா? நான் ரெண்டையும் ஓட்டிப் பாத்ததுங்க

என்ற ஸ்கோடா ஆக்டேவியா காருக்கு 205/55 ஆர்16 சைஸுல மொத டூரிங் டயர் (சத்தமில்லாம சொகுசா ஓட்டறதுக்கானது) போட்டிருந்தேன், இப்ப மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4ங்கற ஸ்போர்ட் டயருங்க (ரோட்டக் கவ்வறதுக்கானது). ரெண்டுலயும் ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறி எறங்கிட்டேன்.

வெயில்ல வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுதுங்க. டூரிங் வளைவுல சித்த வேகமா திருப்புனாலே முனகும், ஸ்டீரிங் திருப்புனதுக்கு வண்டி ஒரு நொடி கழிச்சுத் தான் வரும். ஸ்போர்ட் டயர் ரோட்டக் கவ்வுது. ஒன்பதாவது வளைவுல நிறுத்திட்டு தொட்டுப் பாத்தேன், ரப்பர் கதகதன்னு இருக்குது, பொடி ஜல்லியெல்லாம் அதுல ஒட்டிக்கெடக்குது.

மழை தான் முக்கியமான விசயம். தண்ணிய வெளிய தள்றது டயர் மேல இருக்கற காடி, அதாவது பள்ளக் கோடு தானுங்க, அது தேஞ்சா எவ்வளவு ஒசந்த டயரா இருந்தாலும் தண்ணி மேல மெதக்கும், பிரேக்கும் கேக்காது, ஸ்டீரிங்கும் கேக்காது. அவினாசி ரோட்டுல ஒரு ஐப்பசி மழையில தேஞ்ச டூரிங்கோட எனக்கு அப்படி ஆச்சு, பக்கத்துல மச்சான் கதவப் புடிச்சுட்டு பேச்சே இல்ல. புது ஸ்போர்ட் டயர் ஈரத்துலயும் நம்பிக்கையா நிக்குது, ஆனா ரப்பர் மெத்துன்னு இருக்கறதால சீக்கரம் தேயுது. காடியோட ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்து தேய்மானக் கோடு தெரியற வரைக்கும் காத்திருக்காதீங்க, 3 மி.மீ.லயே மாத்திருங்க.

தெனம் திருப்பூர் போய்ட்டு வர்றவங்களுக்கு டூரிங்கே போதும், சத்தமும் கம்மி. மலை ஏறறவங்க ஸ்போர்ட்டே போடுங்க.