ராணுவ ஏலத்து ஜிப்சியில் தினசரி மலைப்பாதை

வண்டி மாருதி ஜிப்சி, எம்.ஜி.413.டபிள்யூ, சாஃப்ட் டாப் (துணிக்கூரை), 1999 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) உள்ள என்ஜின். ராணுவத்தில் பணி முடிந்து ஏலத்தில் வெளியே வந்தது. 2017இல் என் கைக்கு வந்தது. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வேலைக்குப் போய்வருவது, கடை, பள்ளிக்கூடம், மேட்டுப்பாளையம் இறங்குவது எல்லாம் அன்றிலிருந்து இதில்தான். வீட்டில் வேறு கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயில் பார்க்கும் வண்டிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அடைமழையில் திங்கட்கிழமை காலை கிளம்பியே ஆகவேண்டிய வண்டி இது.

ராணுவ வண்டி என்றாலே இரும்புக்கோட்டை என்று ஒரு நினைப்பு. பார்க்கிறவர்கள் பானெட்டைத் தட்டிப் பார்த்து "பழைய இரும்புங்க, இப்பல்லாம் வருமா" என்பார்கள். தட்டினால் டொய்ங் என்று தகர டப்பா சத்தம்தான் வரும். இந்த வண்டியின் பலம் கனத்தில் இல்லை, லேசாக இருப்பதில் இருக்கிறது. மொத்த எடை சுமார் ஒரு டன். அதற்குள் ஏணிபோல் தனி சேஸிஸ், முன்னும் பின்னும் கட்டியான ஆக்ஸில், நாலு மூலையிலும் பட்டா ஸ்பிரிங், நாலு சக்கர ஓட்டத்துக்கும் இழுவை கூட்டவும் தனியாக ஹை-லோ கியர்பெட்டி. சேற்றில் கனத்த வண்டிகள் அமுங்கும் இடத்தில் இது மேலோடு போய்விடும். அப்படியும் மாட்டிக்கொண்டால் டீ எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் தோள் கொடுத்தால் வெளியே வந்துவிடும். இறக்கத்தில் பிரேக் சூடேறுவதும் குறைவு. எட்டு வருடத்துக்கு மேல் ஓட்டியபிறகும் எனக்கு இதில் பிடித்தது இந்த லேசுதான்.

சுஸுகி ஜிம்னியின் எஸ்.ஜே.410 மாடலை நீட்டி, 1985 டிசம்பரில் 970 சிசி என்ஜினோடு இங்கே அறிமுகமானது. 1991 முதல் ராணுவம் வாங்க ஆரம்பித்து, 30,000க்கும் மேல் வாங்கியிருக்கிறது. 1996இல் 1298 சிசி என்ஜினும் ஐந்தாவது கியரும் வந்தன, என்னுடையது அந்த வகை, 60 குதிரைசக்தி. 2000இல் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை) வந்ததும் அது 80 ஆனது. 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது. ஆனால் 2020இல்கூட எழுநூற்றுக்கும் மேற்பட்ட புது ஜிப்சிகளை ராணுவம் வாங்கியது. உதிரிப்பாகம் இன்னும் ஓரளவு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜோங்கா வாங்கலாமா என்று நானும் யோசித்தேன். ஜபல்பூர் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோல் வடிவத்தில் செய்த வண்டி, நின்றாலே ஒரு கம்பீரம். ஆனால் கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் என்ஜின். தினமும் அதை ஓட்ட எண்ணெய்க்கிணறு வேண்டும். டீசல் என்ஜின் மாற்றியவை நிறையக் கிடைக்கும், அவற்றின் ஆர்.சி. புத்தகத்தைப் படித்தால் தலை சுற்றும்.

காகித விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வண்டியில் என்ஜினைவிட முதலில் பார்க்கவேண்டியது அதுதான். ராணுவ வண்டிகளுக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 60ஆம் பிரிவின்கீழ் அவர்களே பதிவு செய்துகொள்வார்கள், மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஆரம்பிக்கும் எண் அதுதான். பணியிலிருந்து விலகியதும் வண்டி சாதாரணச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது, புதிதாகப் பதிவு செய்யவேண்டும். ஏலத்தில் பெரும்பாலும் லாட் லாட்டாகத்தான் போகும். மொத்தமாக எடுத்த வியாபாரியிடம் நாம் ஒன்று வாங்குவோம். ஆகவே ஏல விற்பனை ஆணை, டிப்போவிலிருந்து வண்டியை வெளியே விட்ட உத்தரவு, வியாபாரி நமக்குத் தந்த ரசீது என்று சங்கிலி அறுபடாமல் இருக்கவேண்டும். எல்லாவற்றிலும் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். ராணுவப் பணிமனையில் என்ஜினைக் கழற்றி ஓவர்ஹால் செய்த வேறு என்ஜினை மாட்டுவது சகஜம். அவர்களுக்கு அது பராமரிப்பு, ஆர்.டி.ஓ. ஆபீசில் நமக்கு அது தலைவலி. நான் முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது, என்ஜின் நம்பர் மட்டும் தாளில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இன்னொன்று, 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிகளைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று விதி வந்துவிட்டது. யாராவது "புதுசா ஏலத்துல வந்தது சார், ஓட்டலாம்" என்று பழைய வண்டியைக் காட்டினால் தாளைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே டி.என். நம்பர் வாங்கி ஒருவர் பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை வாங்குவது எவ்வளவோ மேல், கொஞ்சம் விலை கூடினாலும்.

நிறம். மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறைக்கு மட்டும். ராணுவப் பச்சையில் சுற்றவேண்டும் என்பதற்காகவே வாங்குகிறவர்கள் இதைக் கேட்டதும் முகம் வாடிவிடுவார்கள். நான் சாம்பல் நிறம் அடித்தேன். சக்கரத்துக்கு மேலே டயர் காற்று அளவைக் குறித்த பழைய எழுத்து மட்டும் எத்தனை கோட் அடித்தாலும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது.

இனி ஓட்டும் அனுபவம். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது தன் பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றும், எரிக்கக் காற்று போதாது. ஏற்கெனவே இருக்கும் அறுபது குதிரையில் பத்து குதிரை மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும். பிளக் கறுப்பாகும், ஐடிலிங்கில் திணறும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும். சரி என்று சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டு மலைக்கு ஏற்ப டியூன் செய்தால், கீழே இறங்கியதும் கலவை மெலிந்து என்ஜின் சூடாகி ஏற்றத்தில் நாக்கிங் (டக்டக் என்று தட்டும் சத்தம்) கொடுக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சென்சார் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். என் வண்டியில் அந்த வேலையை ஒரு அண்ணன் பார்க்கிறார். அறுபதைத் தாண்டியவர், குன்னூர் போகும் வழியில் சின்ன ஷெட். ஸ்க்ரூடிரைவரைப் போட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "இப்ப சரிங்க" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜெட் போட்டுவிட்டார். மலையில் கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், கீழே கொஞ்சம் சூடாகும், எங்கேயும் நிற்காது. இளம் மெக்கானிக்குகள் ஸ்கேனரை எங்கே மாட்டுவது என்று தேடுகிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் கார்புரேட்டர் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் 2000க்குப் பிந்திய எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியை மட்டும் பாருங்கள். அதன் என்ஜின் மாருதி எஸ்டீமில் இருந்ததும்கூட. அதனால் என்ஜின் சாமான் தேடி அலைய வேண்டியிருக்காது.

டிசம்பர் காலையில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்கவேண்டும். கிளம்பியதும் சோக்கைப் பாதி தள்ளி, ஒரு நிமிஷம் பொறுத்து, அப்புறம் முழுதாகத் தள்ளவேண்டும். இந்த வரிசை என் மனைவிக்கு என்னைவிட நன்றாகக் கைவந்திருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் மேட்டுப்பாளையம் வெயிலில் நின்றுவிட்டு மலை ஏறினால் பெட்ரோல், என்ஜினுக்கு அதை அனுப்பும் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி இழுக்காது. அந்தப் பம்ப்பில் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிஷம் விட்டால் போதும்.

மைலேஜ் மலையில் லிட்டருக்கு ஒன்பது, சில மாதம் எட்டரை. சமவெளியில் பதினொன்று வரை பார்த்திருக்கிறேன். டேங்க் 40 லிட்டர், பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் ஊறிப்போகின்றன என்று அண்ணன் சொன்னதால், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும், பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிட்டேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சின்னச் செலவு, விட்டால் நெருப்பு.

சொகுசு என்ற சொல்லுக்கு இங்கே வேலை இல்லை. பின்னால் ஆள் இல்லாமல் போனால் உடைந்த தார் வளைவில் பின்பக்கம் பக்கவாட்டில் குதித்து நகரும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் தேவலை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓடும்போது லேசுதான், பார்க்கிங்கில் தோள் வலிக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரை சுகம். எழுபதுக்கு மேல் ரோட்டில் அங்குமிங்கும் மேயும். கோயம்புத்தூர் பைபாஸில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது சாஃப்ட் டாப் படபடவென்று அடிக்கும், பேசினால் கேட்காது. மலையில் வேகமே முப்பது, நாற்பது என்பதால்தான் இதை தினசரி வண்டியாக வைத்திருக்க முடிகிறது. தினமும் நாலுவழிச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போகிற ஆளாக இருந்தால் ஆறே மாதத்தில் விற்றிருப்பேன்.

மழை ஒழுகும். எங்கே ஒழுகும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அங்கே பையை வைக்காமல் இருப்பதுதான் வழி. கதவின் மேல்பாதி பிளாஸ்டிக் ஜன்னல், மஞ்சளாகிப் பனிமூட்டத்துக்குள் இன்னொரு பனிமூட்டமாக நிற்கும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அம்மா முதல்முறை ஏறியபோது, "ஏன் கண்ணு, இத்தன காசு குடுத்தியே, ஒரு கதவாவது முழுசாக் குடுக்க மாட்டானா?" என்றார். அவருக்காக ஒரு சின்ன மர ஸ்டூல் எப்போதும் வண்டியில் இருக்கிறது. பூட்டு என்பதே அர்த்தமில்லாத வண்டி என்பதால் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப்பெட்டி வெல்டிங் வைத்துப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

விளக்கு. பழைய வயரிங்கில் வோல்டேஜ் பாதி வழியிலேயே போய்விடும். ரிலே போட்டு, தனி வயர் இழுத்து, நல்ல ஹாலஜன் பல்ப் மாட்டியபிறகுதான் ராத்திரி ஓட்டத் தைரியம் வந்தது. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை சத்தமில்லாமல் ரோட்டில் இறங்கும். கறுப்பு உடம்பு, கண்ணும் உடனே மின்னாது. அதில் பெரிய ஆண் கிட்டத்தட்ட இந்த வண்டி எடை இருக்கும், மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பிள்ளைகளை ஏற்றுகிறோம் என்பதால் எல்லா சீட்டுக்கும் பெல்ட் போட்டு, பின்னால் இருந்த நீளவாக்கு பெஞ்சைக் கழற்றி முன்நோக்கிய சீட் மாற்றி, முறையாக அனுமதி எழுதி வாங்கினேன். அப்படியும் புது வண்டி தரும் பாதுகாப்பு இதில் இல்லை. இதை யாராவது மழுப்பினால் நம்பாதீர்கள்.

நாலு சக்கர ஓட்டம் எப்போதாவதுதான் வேண்டியிருக்கும், வேண்டியபோது வேறெதுவும் உதவாது. நடுவில் டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) இல்லாததால் காய்ந்த தார்ச்சாலையில் நாலு வீலைப் போட்டுத் திருப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து, ஷாஃப்ட் முறுக்கேறி, லிவர் வெளியே வராது. சேறு, மணல், ஈரப்புல் இவற்றில் மட்டும் போடவேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்த பாதையில் லோவில் முதல் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் நடக்கிற வேகத்தில் தானே ஏறிவிடும். அந்த நேரத்தில் எல்லாச் செலவும் மறந்துபோகும்.

பராமரிப்பில் அடிக்கடி கைவைத்தது முன்பக்கம். கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருப்பது) தேய்ந்தால் அறுபதில் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடும். வீல் பேலன்ஸ் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய கடையும் உண்டு. கியர்பெட்டிக்கும் ஹை-லோ பெட்டிக்கும் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அந்தப் பெட்டியைத் தாங்க மூன்று ரப்பர் மவுண்ட். ரப்பர் போனால் லிவர் நடுங்கும், யூ.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் மூட்டு) சீக்கிரம் சாகும். கிராஸுக்கு கிரீஸ் அடிப்பதை மட்டும் நான் யாருக்கும் விடுவதில்லை. கிடைக்காத சில்லறைச் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்தால் பஸ்ஸில் வந்துவிடும். துரு இன்னொரு நிரந்தர வேலை. நீலகிரி ஈரத்தில் தரைத்தகடும் கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பக்கமும் முதலில் போகும்.

இன்ஷூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும்தான் கிடைத்தது. 2023இல் ஐந்து கதவு ஜிம்னி வந்தபோது வீட்டில் ஒருமுறை பேச்சு எழுந்தது. ஓட்டிப் பார்த்தேன், நல்ல வண்டி, எல்லா விதத்திலும் இதைவிட மேல். தவணைத் தொகையைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தோம்.

2022இல் ஆர்.சி. புதுப்பித்தபோது கட்டணம் 600லிருந்து 5,000 ஆகியிருந்தது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்த புதுப்பிப்பு 2027இல். அதற்குள் டிரைவர் பக்கத் தரைத்தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைக்கவேண்டும், ஸ்டீயரிங் பாக்ஸை ஒருமுறை திறக்கவேண்டும். அண்ணன் இந்த மழை முடியட்டும் என்கிறார்.