16 அங்குலப் பீரங்கியின் வெடிமருந்துப் பை: தூரத்துக்கு முழு மதிப்பெண், பாதுகாப்புக்குப் பாதிகூட இல்லை

அமெரிக்காவின் அயோவா ரகப் போர்க்கப்பல்களில் இருந்த 16 அங்குலப் பீரங்கியை வெறும் ஆயுதமாக எடைபோட்டால் குறை சொல்ல இடமில்லை. 1,225 கிலோ குண்டை ஏறக்குறைய 38 கி.மீ. தூரம் வீசும். கோளாறு குழாயில் இல்லை, குண்டைத் தள்ளும் வெடிமருந்து உள்ளே போய்ச் சேரும் விதத்தில்தான்.

குண்டைத் தள்ளுகோல் வேகமாக இடித்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதன் செப்புப் பட்டை குழாயின் மரையில் (உட்புறச் சுழல் வரிப்பள்ளங்களில்) பிடிக்காது. அடுத்து தலா 50 கிலோ மருந்து கொண்ட பட்டுத்துணிப் பைகள் ஆறு, மும்மூன்றாக உருண்டு வரும். இவற்றை மெதுவாகத்தான் தள்ள வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே தள்ளுகோல். வேகமும் தூரமும் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் கையில். பழகாத ஆள் அங்கே உட்கார்ந்தால் என்ன ஆகும்?

பைக்குள் மருந்து உருளைக் கட்டிகளாக அடுக்கடுக்காக நிற்கும். எடை சரிக்கட்ட, உச்சியில் சில கட்டிகளைப் படுக்க வைப்பார்கள். பையின் அடிப்புறம் சுலபமாகத் தீப்பிடிக்கும் கருமருந்துத் திண்டு. வரிசையாக ஏற்றும்போது ஒரு பையின் படுத்த கட்டிகளும் அடுத்த பையின் கருமருந்தும் முட்டிக்கொள்ளும். படுத்த கட்டிகள் குறைவாக இருந்தால் மொத்த அழுத்தமும் அந்தச் சிலவற்றின் மேல்தான். நொறுங்கினால் பொறி பறக்கும்.

1989 ஏப்ரல் 19 அன்று யு.எஸ்.எஸ். அயோவாவின் 2ஆம் டரட்டில் (பீரங்கிகள் இருக்கும் சுழலும் கவசக் கூண்டு) நடுப் பீரங்கி வெடித்து 47 பேர் இறந்தார்கள். கடற்படை முதலில் இறந்துபோன மாலுமி ஒருவர் தலையில் பழியைப் போட்டது. அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வுக்கூடம் தடயங்களை அளந்து, பைகள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி சுமார் 24 அங்குலம் உள்ளே இடிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. பிறகு பைகளை அடுக்கி 3 அடி உயரத்திலிருந்து எடையோடு போட்டுப் பார்த்தார்கள். 1990 மே 24, 18ஆவது தடவை வெடித்தது. 1991இல் கடற்படை, காரணம் உறுதியாகவில்லை என்று சொல்லி அந்த மாலுமியின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. அன்று அந்தக் கனமான குண்டுக்கு அனுமதியில்லாத மருந்து ஏற்றியதும் தவறுதான். ஆனால் பையின் குறையை அது மறைத்துவிடாது.

துணிப் பைக்குப் பதில் மருந்தை உலோக உறைக்குள் அடைத்த தோட்டாவுக்கு மாறினால் போதுமா? மருந்து துணியில் நசுங்காது, அந்த வகையில் கட்டாயம் மேல். ஆனால் 1972இல் அமெரிக்கக் கப்பல் யு.எஸ்.எஸ். நியூபோர்ட் நியூஸில் இருந்தவை உறைத் தோட்டாக்களே. குண்டின் வெடிதூண்டி பழுதாகி, குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்ததில் 20 பேர் போனார்கள். 1929இல் பிரிட்டிஷ் கப்பல் எச்.எம்.எஸ். டெவன்ஷயரில் கதையே வேறு: ஒரு பீரங்கி சுடவில்லை, பக்கத்துப் பீரங்கியின் சத்தத்தில் அது தெரியவில்லை, மருந்து ஏற்றும் பின்வாயைத் திறந்துவிட்டார்கள், உள்ளே இருந்த மருந்து வெடித்தது.

பை முறையை வைத்தே ஓட்டியாக வேண்டுமென்றால், செலவு குறைந்த திருத்தம் தள்ளுகோலுக்கு ஒரு பூட்டு: பைகள் ஏற்றும் தட்டில் இருக்கும்வரை வேக நிலைக்குக் கைப்பிடி போகக் கூடாது, குறித்த அங்குலத்தைத் தாண்டியும் நகரக் கூடாது. படுத்த கட்டி அடுக்கைப் பையிலிருந்தே எடுத்துவிடுவது அடுத்த வேலை.