சீட்டின் நிறத்தையே துடைத்து எடுத்துவிட்டு ‘அழுக்கு சார்’ என்றார்கள்

காரின் லெதர் சீட்டைச் சுத்தம் செய்ய வெளியே கொடுக்கப் போகிறவர்களும், கடையில் லெதர் கண்டிஷனர் பாட்டிலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் போன பணம் 16,600 ரூபாய். பணம் போனதைவிட, கண் முன்னால் நடந்ததைப் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்களுடையது எட்டு வருடம் ஓடிய செடான். செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். சந்தன நிற லெதர் சீட். அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோருக்கும் வண்டி பிடித்துப்போனது. முதல் ஓனர் நன்றாகவே வைத்திருந்தார். டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில் மட்டும் ஜீன்ஸ் சாயம் ஏறி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மைத்துனி கல்யாணத்துக்கு முன்னால் அதை எடுத்துவிடலாம் என்று, சென்னையில் எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு டீடெய்லிங் கடைக்கு, அதாவது காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து மெருகேற்றித் தரும் இடத்துக்கு, போனேன். ‘லெதர் டீப் கிளீனிங் மற்றும் கண்டிஷனிங்’ என்று ஒரு பேக்கேஜ், 5,500 ரூபாய். “நீலக்கறை நூறு சதவீதம் போயிடும் சார், சீட்டு புதுசு மாதிரி ஆயிடும்” என்றார்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பையன் லேபிள் எதுவும் இல்லாத ஸ்பிரே பாட்டிலை எடுத்துச் சீட்டின் மேல் நேராக அடித்தான். மூக்கில் ஏறும் நெடி. அப்புறம் துணி துவைக்கிற மாதிரி பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். நீலக்கறை அசையவில்லை. உடனே வெள்ளை நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சை எடுத்தான். சுவரில் குழந்தைகள் கிறுக்கியதை அழிக்க விற்கிறார்களே, அந்த மெலமைன் ஸ்பாஞ்ச். இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்ததும் நீலம் போயே போய்விட்டது. ஸ்பாஞ்சையும் துணியையும் என்னிடம் நீட்டி, “எவ்வளவு அழுக்கு பாருங்க சார்” என்றான்.

அந்தத் துணி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதில் இருந்தது கறுப்போ சாம்பலோ இல்லை, பழுப்பும் இல்லை. சுத்தமான சந்தன நிறம். உடம்பு வியர்வையும் தூசியும் சேர்ந்த அழுக்கு அப்படி இருக்காது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. “அடேங்கப்பா” என்று நானும் தலையாட்டினேன்.

கடைசியில் வெண்ணெய் மாதிரி ஒன்றைப் பூசினார்கள். சீட் பளபளவென்று கண்ணாடி போல மின்னியது. வீட்டில் பராமரிக்க என்று சொல்லி, கிளீனர் ஒன்றும் கண்டிஷனர் ஒன்றுமாக இரண்டு பாட்டிலை 1,600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அவற்றிலும் லேபிள் கிடையாது. சொந்தத் தயாரிப்பு என்றார்கள்.

முதல் வாரமே அம்மா சொன்னார், “பிரேக் போட்டா முன்னாடி வழுக்கிட்டுப் போறேன்டா.” முட்டி வலி உள்ளவர், காலை ஊன்றி உட்கார முடியாது. அதனால் அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. கல்யாணத்துக்குப் போய் இறங்கியபோது மனைவியின் வெளிர் நிறப் பட்டுப்புடவையில் முதுகுப் பக்கம் எண்ணெய்த் தடம். தூசி வேறு அந்தப் பிசுபிசுப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் டிரைவர் சீட்டின் விளிம்பில், நீலக்கறை இருந்த அதே இடத்தில், மெல்லிய கோடுகளாக வெடிப்பு. நிறம் போய் உள்ளே சாம்பல் பூத்த தோல் தெரிந்தது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். “பழைய லெதர் சார், ஏற்கெனவே காய்ஞ்சு போயிருக்கு. கண்டிஷனர் இன்னும் நிறையப் போடுங்க, தோலுக்கு அதுதான் சாப்பாடு” என்றார்கள். நானும் நம்பி, வாரம் ஒருமுறை ஊற்றித் தேய்த்தேன். வெடிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

மனைவியின் சித்தப்பா வாணியம்பாடிக்காரர். முப்பது வருடம் டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்தபோது காரைக் காட்டினேன். கதவைத் திறந்து, கட்டைவிரலால் சீட்டை ஒரு தடவு தடவி மோந்து பார்த்தார். பின்சீட்டில் எங்கள் குழந்தையின் சீட் கட்டியிருந்தது. கடைக்காரர்கள் அதைக் கழற்றாமலே சுற்றித் துடைத்திருந்தார்கள். மாமா அதை அவிழ்த்துத் தூக்கினார். அடியில் ஒரு பெரிய சதுரம், மங்கலான, பளபளப்பே இல்லாத, கைக்கு இதமான பழைய சந்தன நிறம். சுற்றியுள்ள இடத்துக்கும் அதற்கும் வண்டியே வேறு என்பது போல இருந்தது.

“மாப்ள, அவங்க எடுத்தது அழுக்கு இல்ல, பெயின்ட்டு. இதுதான் உங்க சீட்டு கம்பெனியில இருந்து வந்த நிறம்” என்றார்.

அன்று அவர் விளக்கியதை இங்கே எழுதுவதற்காகவே இந்தப் பதிவைத் தொடங்கினேன். தோலைப் பதனிட்ட பிறகு, பெரிய மர டிரம்மில் போட்டுச் சுழற்றிச் சாயமும் எண்ணெயும் ஏற்றுகிறார்கள். தோல் மெத்தென்று இருப்பதற்கான எண்ணெய் நாருக்குள் போவது அந்தக் கட்டத்தில்தான். அப்புறம் காய வைத்து, மேலே நிறமியும் பிசினும் கலந்த பூச்சு அடித்து, அதற்கும் மேலே பாலியூரித்தேன் டாப் கோட் அடிக்கிறார்கள். இன்றைக்கு ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இப்படிப் பூச்சு போட்ட லெதர்தான். நம் கை தொடுவது தோலை அல்ல, அந்த மேல்பூச்சை. ‘தோலுக்குச் சாப்பாடு’ என்று நாம் மேலே ஊற்றும் கண்டிஷனரில் பெரும்பகுதி அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. மேலேயே தங்கிப் பிசுபிசுக்கிறது. அனிலின் என்று சொல்லும் பூச்சில்லாத லெதர், விலை உயர்ந்த சில கார்களில் மட்டும் வரும். அதற்குக் கண்டிஷனர் தேவைதான், உள்ளே இறங்கவும் செய்யும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள மாமா ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். குழந்தை சீட்டுக்கு அடியில் இருந்த நல்ல இடத்தில் தண்ணீர் முத்தாக நின்றது. விளிம்பில் வெடித்த இடத்தில் உடனே உறிஞ்சிக் கறுத்தது. அனிலின் லெதராக இருந்தால் நல்ல இடத்திலேயே உறிஞ்சும். இன்னொன்றும் காட்டினார். எங்கள் சீட்டில் உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும்தான் லெதர். பக்கவாட்டும் முதுகுப் பக்கமும் ரெக்ஸின். நிறைய கார்களில் இப்படித்தான். வாரம் தவறாமல் அந்த ரெக்ஸினுக்கும் சேர்த்துத்தான் நான் கண்டிஷனர் ஊற்றியிருக்கிறேன். உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால் சீட்டுக்கு அடியில் வெட்டிய ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தோலானால் பின்பக்கம் நார் நாராக இருக்கும், ரெக்ஸினானால் துணி ஒட்டியிருக்கும்.

மாமா போன பிறகு, லேப் சாமான் விற்கும் கடையில் பிஎச் காகிதம் (திரவம் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) வாங்கி வந்து அந்த லேபிளற்ற கிளீனரில் நனைத்துப் பார்த்தேன். காகிதம் கருநீலமாக மாறியது. அட்டையோடு ஒப்பிட்டால் 11க்கும் 12க்கும் நடுவே. 7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம். பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத் தன்மை கொண்டது, 4ஐ ஒட்டி இருக்கும். அடுப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற மாதிரியான காரத்தைக் கொண்டுவந்து அதன் மேல் ஊறவிட்டிருக்கிறார்கள். மெலமைன் ஸ்பாஞ்ச் வேறு. மெத்தென்று இருந்தாலும் அது மிக நைசான உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்கிறது. காரத்தில் இளகிய டாப் கோட்டை அது அப்படியே சீவி எடுத்திருக்கிறது. கறை போனதற்குக் காரணம், கறை ஏறியிருந்த பூச்சே போனதுதான்.

சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தெரிந்தவர்கள் நிறைந்த மாநிலம் நம்முடையது. இங்கே உட்கார்ந்துகொண்டு பேர் இல்லாத பாட்டிலை நம்பிவிட்டேனே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெடித்த டிரைவர் சீட்டுக்கு மறுபடி நிறம் ஏற்ற வேறொரு இடத்தில் கொடுத்தேன். 9,500 ரூபாய். அங்கேயும் முதல் தடவை பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, மீன்கண் மாதிரி குழி குழியாக விலகியது. முன்பு பூசிய பளபளப்பில் சிலிக்கோன் இருந்திருக்கிறது. அதை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்காரர் பொறுமையாக இரண்டாம் முறை செய்து கொடுத்தார், கூடுதல் பணம் கேட்கவில்லை.

இப்போது நான் செய்வது மிகக் கொஞ்சம். முதலில் வாக்யூம், இல்லாவிட்டால் மணல் துகளே தேய்த்துக் கீறிவிடும். லெதருக்கென்றே விற்கும், பிஎச் அளவு வெளிப்படையாக எழுதியிருக்கும், நீர் அடிப்படையிலான மிதமான கிளீனர். சீட்டில் அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் அடித்து, முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் துடைத்துப் பார்ப்பேன். துணியில் சீட்டின் நிறம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மடிப்புகளில் மட்டும் மெல்லிய குதிரைமுடி பிரஷ். பிறகு ஈரத் துணி, உலர்ந்த துணி. ஓட்டை போட்ட சீட், அதிலும் உள்ளே ஃபேன் வைத்த சீட் என்றால் திரவத்தை நேராக அடிக்கவே கூடாது. ஓட்டை வழியாக இறங்கி ஃபோமில் தங்கிவிடும், நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். கண்டிஷனருக்குப் பதிலாக, வியர்வையும் துணிச்சாயமும் நேராகப் பூச்சில் ஏறாமல் தடுக்கும் லெதர் புரொடெக்டன்ட் போடுகிறேன். காய்ந்ததும் பளபளப்பு வரக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்கினேன். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்குச் சன்ஷேடு கட்டாயம். தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் வேண்டாம், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் தின்னரும் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஜீன்ஸ் நீலம் புதிதாகப் பட்டிருந்தால் மிதமான கிளீனரிலேயே பெரும்பாலும் போய்விடும். மாதக்கணக்கில் ஏறி ஊறியது பூச்சுக்குள் இறங்கிவிடும். அதற்கு நூறு சதவீதம் உத்தரவாதம் தருகிறவரிடம், எதை வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பாட்டிலை வாங்கிப் பாருங்கள். லேபிள் இல்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சீட்டையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பில்லில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள்.

போட்டோவும் பில்லும் இருந்ததால்தான் எனக்குக் கொஞ்சமாவது திரும்பக் கிடைத்தது. கடையில் இரண்டு முறை பேசிப் பயனில்லாமல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதிவு செய்தேன். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இதையெல்லாம் எழுதி, குழந்தை சீட்டுக்கு அடியில் இருந்த அந்தச் சதுரத்தின் படத்தையும் பிஎச் காகிதத்தின் படத்தையும் இணைத்துக் கடைக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து 4,000 ரூபாய் அனுப்பினார்கள், ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லாமல். கிளீனர் பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், காகிதம் நனைத்துக் காட்டுகிறேன்.