புதுத் துப்பாக்கியா, கையில் இருப்பதா? வாங்கத் தூண்டும் காரணங்கள் ஓர் அலசல்

போன மாதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணா, 600-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. இந்த ரைஃபிள்ல இவ்வளவுதாண்ணா வரும்." நான் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் (அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கி) சுட ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. இதே பேச்சைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் என் கோச்சிடம் இப்படித்தான் சொன்னேன், முழுதாக நம்பித்தான் சொன்னேன்.

புதுத் துப்பாக்கி வாங்கத் தூண்டும் காரணங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். புள்ளி ஏறவில்லை, உடம்புக்குப் பொருந்தவில்லை, துப்பாக்கி மேல் நம்பிக்கை போய்விட்டது, விதிமுறை இடம் தரவில்லை, வேறு பிரிவுக்கு மாறுகிறோம், அப்புறம் ஆசை. எந்தக் காரணமாக இருந்தாலும் நம் முன்னால் மூன்று வழிகள் உண்டு: புதிதாக வாங்கலாம், இருப்பதைச் சரிசெய்யலாம், அல்லது இன்னொருவர் சுட்டுப் பழகிய மேல்தரத் துப்பாக்கியை வாங்கலாம். எந்தக் காரணத்துக்கு எந்த வழி சரி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

புள்ளி ஏறவில்லை என்றால்

அதிகம் பேரைக் கடைக்கு அனுப்புவது இந்தக் காரணம்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏர் ரைஃபிள் இலக்கின் மொத்த அகலமே 45.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பத்து, 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின், அதாவது அந்தச் சிறு ஈயக் குண்டின், விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் 2.5 மில்லிமீட்டர் விலகினாலும் 10.0 கிடைக்கும். அங்கிருந்து உள்ளே போகப் போக, ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி கூடும். உச்சம் 10.9. அறுபது குண்டுக்கு 654.0.

அந்தப் பையன் 600 அடிக்கிறான் என்றால், அவன் குண்டுகள் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் விலகுகின்றன. இதில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு? தெரிந்துகொள்ள ஒரே வழி, ரைஃபிளை அசையாதபடி பிடிகருவியில் பூட்டிச் சுடுவது. அதற்கு ஒத்துப்போகிற பெல்லட்டைப் போட்டால், நல்ல மேட்ச் (போட்டிக்கான) ரைஃபிளின் குண்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே துளைக்குள் போகும். அதன் விலகலைச் சராசரி 0.75 மில்லிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் பிழையும் கையின் பிழையும் நேராகக் கூடுவதில்லை. ஒன்று இடப்பக்கம் தள்ளும்போது மற்றது மேலே தள்ளலாம், ஒன்றையொன்று சரிக்கட்டவும் செய்யலாம். ஆகவே வர்க்கம் எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், 2.5-ல் ஏறக்குறைய 2.4 அவனுடையது. பிழையே இல்லாத துப்பாக்கி ஒன்றை அவன் கையில் கொடுத்தாலும் 600, 603-ஐ எட்டாது.

இதே கணக்கைப் பெல்லட்டுக்குப் போடுங்கள். பொருந்தாத பெல்லட்டால் துப்பாக்கியின் விலகல் 0.75-லிருந்து 1.5 ஆகிவிட்டால், அதே கைக்கு ஏழெட்டுப் புள்ளி குறையும். மேட்ச் பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வாரியாக வருகின்றன. ஒவ்வொரு பேரலுக்கும் (துப்பாக்கிக் குழலுக்கும்) ஒவ்வொன்று பிடிக்கும், அதிலும் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கும். ஆக, புள்ளி ஏறவில்லை என்பதற்காகச் செலவு செய்யப் போகிறவர் முதலில் பெல்லட் சோதனைக்குச் செலவு செய்யட்டும். ஒத்துப்போகும் தொகுதி கிடைத்தால் ஒரு வருடத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருக்கும் 2.4 மில்லிமீட்டர், பெல்லட்டே போடாமல் வீட்டுச் சுவரைப் பார்த்து டிரை ஃபயரிங் செய்துதான் குறையும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. 625-க்கு மேல் அடிக்கிறவரின் மொத்த விலகலே ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அவருக்குத் துப்பாக்கியின் 0.75 பெரிய விஷயம். அவர் பேரல் பேரலாகச் சோதித்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால்

என் கணக்கில் புதிது வாங்குவதற்கு மிக வலுவான காரணம் இதுதான். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லி வாங்குகிறவர்கள் குறைவு. புள்ளி ஏறாத பலருக்கும் உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கிறது, அவர்களுக்கே அது தெரிவதில்லை.

நின்றபடி சுடும் நிலையில் ரைஃபிளின் எடை எலும்பின் மேல் உட்கார வேண்டும்: முன்கை விலாவில், விலா இடுப்பில், இடுப்பு காலில். கன்னத்தாங்கி ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் கழுத்து வளையும், கண் புருவத்துக்குக் கீழிருந்து எட்டிப் பார்க்கும். ஸ்டாக், அதாவது தோளில் அணைக்கும் கட்டை, நீளமாக இருந்தால் உடம்பு பின்னால் சாயும். அப்போது எலும்பு சுமக்க வேண்டியதைத் தசை சுமக்கிறது. தசையோ நாற்பதாவது குண்டில் நடுங்க ஆரம்பித்துவிடும்.

சோதிப்பது எளிது. நிலையில் நின்று, ரைஃபிளை எடுத்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது சைட் (குறிபார்க்கும் கருவி) இலக்கின் மேலேயே இருந்தால் பொருத்தம் சரி. தள்ளி நின்றால் முதலில் பாதத்தை நகர்த்திப் பாருங்கள். அப்போதும் மேலும் கீழுமாக விலகி நின்றால் பட் பிளேட் (தோளில் பதியும் தகடு), கன்னத்தாங்கி எல்லாவற்றையும் அளந்து மாற்றுங்கள். எல்லாத் திருகும் கடைசி வரை போய்விட்டது, இன்னும் இடம் வேண்டும் என்றால், அன்றைக்குத் தாராளமாக வேறு துப்பாக்கி தேடலாம்.

மர ஸ்டாக்கா, அலுமினியமா என்ற பழைய வாக்குவாதமும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. வால்தர் எல்ஜி 400, ஃபைன்வெர்க்பாவ் 800 போன்ற ரைஃபிள்கள் இரண்டு வகை ஸ்டாக்கிலும் வந்தவை. உள்ளே இருப்பது ஒரே இயந்திரம், குண்டு போகும் துல்லியத்தில் வித்தியாசம் தேட வேண்டாம். அலுமினியத்தில் நீளம், உயரம், சாய்வு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். வளரும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. மரம் கன்னத்துக்கு இதமானது. உடம்பு இனி மாறாத வயதில், அளவு ஏற்கெனவே பொருந்தியவருக்கு அதுவே போதும். இடக்கைக்காரர்களுக்கு மட்டும் நான் யோசிக்காமல் சொல்வது: வலக்கை ஸ்டாக்கோடு போராடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிஸ்டலில் இதே பிரச்சினை மலிவாகத் தீரும். துப்பாக்கி அப்படியே இருக்கட்டும், க்ரிப்பை (கைப்பிடியை) மட்டும் மாற்றலாம். இருக்கும் க்ரிப்பில் இடைவெளி உள்ள இடத்தில் மரப் புட்டி அப்பி, உறுத்தும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது, ஏர் பிஸ்டல் முழுதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை போய்விட்டால்

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கியில் கோளாறு வந்தது. அதைச் சரிசெய்வதில் பல நிமிடங்கள் போயின. 575 எடுத்து 12-வது இடம், இறுதிக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். 2024-ல் பாரிஸில் அவரே இரண்டு வெண்கலம் வென்றார்.

நம்பிக்கைப் பேச்சு பெரும்பாலும் ட்ரிகரில் (சுடும் விசையில்) வந்து நிற்கும். மின்னணு ட்ரிகரில் இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, கண்ணாடிக் குச்சி ஒடிவது போல இருக்கும். மெக்கானிக்கல் ட்ரிகரில் திருகும் ஸ்பிரிங்கும்தான், கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கண்ணுக்குத் தெரிவதுதான் பிடிக்கும், ஆனால் அது என் மனப்போக்கு. இரண்டில் எதை எடுத்தாலும் வருடம் ஒரு முறை பிரித்துப் பார்த்து, ரப்பர் வளையங்களை மாற்றிப் பராமரித்தால் அது ஏமாற்றுவது அரிது. சர்வீஸ் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லையா? மாற்றிவிடலாம். "இது இப்போது என்ன செய்யுமோ" என்ற எண்ணத்தோடு ட்ரிகரில் விரல் வைத்தால் விரல் தயங்கும். அது டிரை ஃபயரிங்கால் போகிற தயக்கமில்லை. முடிந்தவர்கள் பழையதை மாற்றாகக் கூடவே எடுத்துப் போகட்டும்.

விதிமுறையும் சிலிண்டரும்

துப்பாக்கியில் மாட்டும் அழுத்தக் காற்றுச் சிலிண்டருக்கு வயது உண்டு. பெரும்பாலும் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடம். அது தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. 200 பார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய இருநூறு மடங்கு) கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இதில் விளையாட்டு வேண்டாம். ஆனால் "துப்பாக்கிக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. காலாவதி ஆவது சிலிண்டர் மட்டும்தான். அதைக் கழற்றிப் புதிது மாட்டினால் துப்பாக்கி தொடர்ந்து ஓடும். அந்த மாடலுக்குச் சிலிண்டர் கிடைக்காமல் போனால்தான் துப்பாக்கியை மாற்றும் பேச்சே வரும்.

பழைய வகைகளில் இந்தத் தொல்லையே இல்லை. ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் ஸ்பிரிங் பிஸ்டனில் இயங்குவது. சுடும்போது இயந்திரம் தண்டவாளம் போன்ற அமைப்பில் பின்னால் சறுக்கி அதிர்வை விழுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒரு தடவை இழுத்துக் காற்றை அடைக்கும் வகையும் உண்டு. அதன் சுடுதல் அமைதியாக இருக்கும், ஆனால் பயிற்சிக் குண்டுகளையும் சேர்த்தால் எழுபது எண்பது முறை நெம்பியாக வேண்டும். மெலிந்த தோளுக்கு அது பெரும் சுமை, ஒவ்வொரு முறையும் நிலை குலையும். காற்றுச் சிலிண்டர் வந்து இந்தச் சுமையை நீக்கியது. அந்தக் களைப்பால் ஒருவர் மாறுகிறார் என்றால் நான் உடனே சரி என்பேன்.

பிரிவு மாறுகிறவர்களுக்கு அலசலே தேவையில்லை. 25 மீட்டர் பிஸ்டல் 5.6 மில்லிமீட்டர் குண்டு, ட்ரிகர் இழுப்பு குறைந்தது 1000 கிராம். ஏர் பிஸ்டலுக்கோ 500 கிராம் போதும். ஒன்றை வைத்து மற்றதைச் சுட முடியாது, வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆசை

புதுத் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கும்போது வரும் எண்ணெய் வாசனை எனக்கும் பிடிக்கும். பேரலின் பளபளப்பு, கூர்மையாக விழும் போல்ட்டின் சத்தம், அடுத்த வரிசையில் பதக்கம் வென்றவர் வைத்திருக்கும் அதே நிறம்... ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பே இல்லை. புதிது வந்தால் ரேஞ்சுக்கு அடிக்கடி போகத் தோன்றும், அந்தச் சில மாதங்களில் புள்ளியும் ஏறும். ஏறியது துப்பாக்கியால் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். அந்தச் சூடு தணிந்ததும் புள்ளி பழைய இடத்துக்கு வரும், அடுத்த மாடல் கண்ணில் படும். ஆசை என்றால் ஆசை என்றே சொல்லி வாங்குங்கள். பயிற்சிக்கும் பெல்லட்டுக்கும் ஒதுக்கியதைத் தொடாமல் வாங்குங்கள்.

ஆசைக்கும் பொருத்தத்துக்கும் சேர்ந்து விடை தருவது, இன்னொருவர் சுட்ட மேல்தரத் துப்பாக்கி. ஏர் ரைஃபிளில் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் போல மெதுவாகப் போகிறது, பெல்லட்டும் மெத்தென்ற ஈயம். அதனால் பேரல் சட்டென்று தேயாது. புதிய இடைத்தரத் துப்பாக்கியையும் பத்து வருடப் பழைய மேல்தரத் துப்பாக்கியையும் என் முன்னால் வைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன். எடுக்கும் முன் சிலிண்டரின் தேதி, காற்றுக் கசிவு, ட்ரிகர், ஸ்டாக்கின் திருகுகள், பிடிகருவியில் பூட்டிச் சுட்ட தாள் ஆகியவற்றைப் பார்ப்பேன்.

அந்தப் பையனின் ரைஃபிளைப் பூட்டிச் சுட்டுப் பார்த்தோம். அவன் பெல்லட் பெரிதாக விலகவில்லை. கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். சைட் இலக்குக்கு ஒரு கை கீழே நின்றது. கன்னத்தாங்கியை ஒன்றரை சென்டிமீட்டர் தூக்கி, பட் பிளேட்டையும் சரிசெய்து, மறுபடி மூடித் திறக்கச் சொன்னேன். "அண்ணா, கழுத்து வலிக்கலைண்ணா," என்றான். புள்ளி எவ்வளவு வந்தது என்று அன்று நாங்கள் பார்க்கவில்லை. வெள்ளைத் தாளைப் பார்த்து மாலை வரை டிரை ஃபயரிங்தான்.