லயத்துப் பூனை: வீடு தேடுவதா, கருத்தடை செய்து விடுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிடிபடும் பூனைக்கு வீடு தேடலாம், இல்லையேல் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடலாம். எது என்பதை வயதும் குணமும்தான் முடிவு செய்யும்.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் வீடுதான். சின்னக் கூண்டில் வைத்து, ஈர உணவைக் கரண்டியில் நீட்டுங்கள். கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனால் உங்களோடு பழகாது. சீறினால் கையை இழுக்காதீர்கள். இழுத்தால், சீறினால் ஆள் விலகும் என்று கற்றுக்கொள்ளும்.

ஆளைக் கண்டாலே ஓடும் வளர்ந்த பூனைக்கு வீடு சிறைதான்; கதவு திறந்ததும் பறந்துவிடும். அதற்குக் கருத்தடையே சரி. சார்டின் வைத்த பொறிக்கூண்டு போதும். மாட்டியதும் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கருத்தடைக்காக மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் ஒரு செ.மீ. வெட்டும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள், மறுபடி மாட்டினால் கருத்தடை ஆனது என்று தூரத்திலேயே அடையாளம் தெரியும். கடுவனை மறுநாள் விடலாம், பெட்டையை இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள்.

இந்த வழியில் பெரிய ஆபத்து, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் வைக்கும் எலிமருந்து. மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் ரத்தம் உறையாமல் போகலாம். தினமும் ஒரே நேரத்தில், லயத்து வாசலிலேயே சோறு வையுங்கள். பசித்த பூனைதான் செம்பனைக்குள் அதிகம் போகும்.