.50 ஹாக்கன் ரைஃபிள்: குண்டைவிடத் துணிதான் முக்கியம்

குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் .50 காலிபர் (உள்விட்டம் அரை அங்குலம்) ரைஃபிள் வாங்கினால் முதலில் எழும் கேள்வி, குண்டு என்ன அளவு என்பதுதான். அதில் யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, பெரும்பாலும் .490 அங்குலம், இல்லையென்றால் .495. குறி நிற்பதும் சிதறுவதும் குண்டைச் சுற்றும் பேட்ச் துணியில் இருக்கிறது. இங்கே சொல்வது 1970இல் வந்த தாம்ப்சன் சென்டர் ஹாக்கன் போன்ற, 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று மரையுள்ள (குழலுக்குள் திருகுபோல ஓடும் பள்ளமும் மேடும்) ரைஃபிள்களில் கருமருந்து, அதாவது பழைய காலக் கரிய வெடிமருந்து, மட்டும் போட்டுச் சுட்டுக் கண்ட கணக்கு. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இவற்றில் துளியும் போடக்கூடாது, குழல் வெடித்துவிடும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியில் மரை கிடையாது, ஆகவே இந்தக் கணக்கு அதற்கு ஒத்துவராது.

குழலுக்குள் ஒரு மரை மேட்டிலிருந்து எதிர் மேடுவரை .500 அங்குலம். .490 குண்டு போட்டால் பக்கத்துக்கு 5 தௌ மிச்சம். லேத் பட்டறையில் சொல்கிற அதே தௌதான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மரைப் பள்ளம் 5 தௌ ஆழமென்றால் அந்த இடத்தில் 10 தௌ இடைவெளி. 15 தௌ துணி பள்ளத்தை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். மேட்டில் மூன்றில் ஒரு பங்காக நசுங்கி, ஈயத்தில் நெசவின் தடம் பதியும். அந்தத் தடம் தெரிந்தால் பிடிப்பு சரி. அதே குண்டை 12 தௌ ஆழப் பள்ளமுள்ள குழலில் போட்டுப் பாருங்கள். பள்ளத்தில் 17 தௌ இடம் இருக்கும். 10 தௌ துணி சுற்றினால் சுகமாக இறங்கும், சுடும்போது வாயு பள்ளம் வழியாகக் குண்டை முந்திக்கொண்டு ஓடித் துணியைப் பொசுக்கிவிடும். எளிதாகக் கெட்டிக்க முடிகிறதே என்று மெல்லிய துணிக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆழம் குறைந்த பள்ளத்துக்கு .490 குண்டும் 15 முதல் 18 தௌ துணியும் அன்றாடத்துக்குப் போதும். ஆழப் பள்ளமென்றால் .495 குண்டோடு 15 தௌ, அல்லது .490 குண்டோடு 20 தௌ. .495 சற்று முரண்டு பிடிக்கும்; ஷார்ட் ஸ்டார்ட்டர் என்ற குட்டைத் தள்ளுகோலை வைத்து ஒரு தட்டுத் தட்டாமல் வாய்க்குள் போகாது. பலகைக் குறிக்கு அது சரி. வேட்டைக்காட்டில் இரண்டாவது குண்டை அவசரமாகக் கெட்டிக்க வேண்டியவருக்கு .490தான் நல்லது.

துணி நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு நூலைக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். மெத்தைத் துணி நெருக்கமான நெசவு, இதற்கென்றே செய்தது போல இருக்கும். கடையில் வாங்கியதை வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுக் காய்ந்த பிறகே அளக்கவும். துணியை மைக்ரோமீட்டரில் ஒரே அழுத்தத்தில் அளக்க வேண்டும். சும்மா தொட்டால் 20 காட்டும், இறுக்கினால் 15 காட்டும். ஒரே பெயரில் விற்கும் துணிகூட ஒவ்வொரு கட்டிலும் மாறுவதால், ஒத்துப்போன துணியைச் சில கஜம் சேர்த்து வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். வட்டம் ஒன்றேகால் அங்குலம் இருந்தால் .50க்குத் தாராளம்.

சுட்டபின் துணியைத் தேடி எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. வழக்கமாக வாய்க்கு முன்னால் ஐந்து முதல் பதினைந்து கஜத்துக்குள் கிடக்கும். நல்ல துணி பூப்போல விரிந்திருக்கும்: நடுவில் மருந்து பட்ட கரி வட்டம், சுற்றிலும் மரை மேடுகள் பதிந்த வரிகள், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. அதை மறுபடி பயன்படுத்தலாமோ என்று நினைக்கத் தோன்றும். நடுவில் ஓட்டை விழுந்து விளிம்பு கருகியிருந்தால் துணி மெல்லியது அல்லது மசகு போதவில்லை. கருகாமல், குண்டின் இடுப்பு வரும் வட்டத்தில் சீராக வெட்டுப்பட்டிருந்தால் குற்றம் துணியில் இல்லை. குழல் வாயின் விளிம்போ புதுக் குழலின் மேடுகளோ கூராக இருக்கின்றன. வாய் விளிம்பை நுண்ணிய எமரித் தாளைக் கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றி மழுக்கலாம். பொறுமையாகச் செய்ய வேண்டும், ஒருபக்கம் தேய்ந்தால் குறி கோணிவிடும். எது காரணம் என்று பிரிக்க ஒரு வழி: சுடாமல் வெறும் குழலில், மருந்தின்றி, குண்டையும் துணியையும் வாய்க்குள் ஓர் அங்குலம் மட்டும் செலுத்தி, குண்டில் திருகிப் பிடிக்கும் புல்லர் திருகால் வெளியே இழுத்துப் பார்ப்பது. அப்போதே வெட்டுப்பட்டிருந்தால் வாய்தான் காரணம்.

மசகுக்கு ஆலிவ் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்த கலவை போதும். என்ஜின் ஆயில் வகையறா கருமருந்தோடு சேர்ந்தால் தாராகக் கெட்டியாகும். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அடியிலுள்ள மருந்து ஈரமாகிப் பிந்திப் பற்றும்.

குண்டு சுத்த ஈயம், நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். டயர் பேலன்ஸ் வெயிட்டை உருக்கி வார்த்தால் ஈயம் கடினமாகும், அதே அச்சிலிருந்து குண்டும் சற்றுப் பெரிதாக வரும். நேற்றுவரை நன்றாக இறங்கிய துணி இன்று பாதியில் நிற்கும். பாதியில் நின்றதைச் சுடக்கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழல் அந்த இடத்தில் வளையம்போலப் புடைக்கும். வழக்கமான மருந்தளவு போட்டு, குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்த நிலையில் குண்டை அடிவரை தள்ளும் நீளக் கோலான ராம்ராடில் வாய் மட்டத்துக்கு ஒரு கோடு கீறி வையுங்கள். ஐந்தாறு குண்டுக்குப் பிறகு அந்தக் கோடு வாய்க்கு மேலேயே நின்றால் உள்ளே கரி ஏறிவிட்டது. ஈரத்துணி ஒருமுறை, உலர்ந்த துணி ஒருமுறை விட்டுத் துடைத்தபின் அடுத்ததைக் கெட்டிக்கலாம்.